பெட்டிக்கு மட்டும் பொட்டு

என் கேள்விக்காரிக்கு,

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பெண்ணைப் பெற்றவன் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதுகிறான் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். கீழே பந்தல்காரர்கள் கழி நட்டுக்கொண்டிருக்கிறார்கள். உன் அம்மா சமையல்காரரோடு பூசணிக்காய் விஷயமாக வாதாடிக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் மல்லேசுவரம் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். உன்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னை எதிரில் வைத்துக்கொண்டு நான் எதையும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. பாதியில் நீ ஒன்று கேட்பாய், நான் அதன் பின்னால் போய்விடுவேன். இன்றைக்கு முடித்தே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போன பிறகு உன் அத்தை உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "அங்க போய் ஏன், எதுக்குன்னு கேட்டுக்கிட்டு நிக்காதடி. குடுத்தத சாப்பிடு, சொன்னதச் செய். வாயத் தொறக்காத பொண்ணுக்குத்தான் புகுந்த வீட்டுல நல்ல பேரு." என் அக்கா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த வழியில் உன்னைக் காப்பாற்றப் பார்த்தாள். ஆனால் அவள் அப்படிச் சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் பார்த்தாய். நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அன்றைய பேப்பரில் என்ன இருந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நாலு நாளாக நீ யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேற்று தையல்காரர் ரவிக்கையைத் தப்பாகத் தைத்துக்கொண்டு வந்தார். பழைய நீயாக இருந்தால், அளவு எடுத்த சீட்டு எங்கே, எந்த இடத்தில் பிசகியது, அவர் எத்தனை வருஷமாகத் தைக்கிறார் என்பதுவரைக்கும் கேட்டு, அவருக்கு ஒரு காபியும் கொடுத்து அனுப்பியிருப்பாய். நேற்று வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டாய். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டதாம். எனக்குப் பயமாக இருக்கிறது. சுதந்திரம் வந்த வருஷத்தில் பிறந்தவள் நீ. பேச்சு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் உன் கேள்வி ஓய்ந்த நாள் கிடையாது. அது ஓய்ந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பதைத் தாங்க முடியவில்லை.

உன் கேள்வி ஒரு தடவை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

உனக்கு ஒன்பது வயது. நான் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். என் வேலை என்னவென்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லுவாயே, "எங்கப்பா எல்லாரோட வேலையிலயும் தப்புக் கண்டுபிடிப்பார்" என்று. கிட்டத்தட்ட அதுதான். டர்னர்கள் லேத்தில் கடைந்து அனுப்புகிற இரும்புத் தண்டுகள் என் மேஜைக்கு வரும். குதிரை லாடம் மாதிரி ஒரு கேஜ் என்னிடம் இருந்தது. அதில் இரண்டு இடைவெளிகள். தண்டு முதல் இடைவெளியில் நுழைய வேண்டும், இரண்டாவதில் நுழையக் கூடாது. அப்படி இருந்தால் அளவு சரி, முத்திரை குத்துவேன். முதலிலேயே நுழையாவிட்டால் தண்டு தடிமன், திருப்பி அனுப்புவேன். யோசிக்க வேண்டியதே இல்லை. கேஜ் சொன்னதுதான் தீர்ப்பு. மைசூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து, மேலே இருந்து வந்த காகிதத்தை ஒரு நாளும் ஏன் என்று கேட்காமல் ஓய்வு பெற்றவர் உன் தாத்தா. அவருடைய பிள்ளைக்கு இந்த வேலை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஆயுத பூஜை அன்று குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். உனக்குப் பாவாடை சட்டை போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு, தொழிற்சாலை பஸ்ஸில் அழைத்துப் போனேன். லேத்துகளுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, பூசணிக்காய். கன்னடக்காரர், தமிழர், மலையாளி, உருது பேசுகிற சாயபு எல்லோரும் அன்றைக்கு அவரவர் யந்திரத்தைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் கேஜைப் பலகையில் வைத்து, சந்தனத்தைக் குழைத்து, இரண்டு பக்கமும் தாராளமாக அப்பினேன். இரும்பே தெரியக் கூடாது என்கிற அளவுக்கு பக்தி. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தாய். கோதண்டம் என்று ஒரு டர்னர், சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் மேஜையில் நின்றாய். அவருடைய சொந்த மைக்ரோமீட்டர், அதாவது தடிமன் அளக்கிற கருவி, மரப்பெட்டிக்குள் மூடியபடி இருந்தது. பெட்டியின் மூடியில் மட்டும் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.

"அப்பா, அந்த மாமா ஏன் பெட்டிக்கு மட்டும் பொட்டு வச்சிருக்காரு?" என்று கேட்டாய்.

நூறு பேர் நடந்துபோன இடத்தில் அதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "அரைகுறை பக்தி. சாமி விஷயத்துல நோண்டி நோண்டிக் கேள்வி கேக்காத, வா" என்று உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். கோதண்டம் நாலடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். திரும்பி அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கூலிக்காரர்கள் குடியிருக்கிற நீலசந்திராவிலிருந்து வருகிறவர், கண்டோன்மெண்ட் பக்கம் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர், என்னைப் போல் சான்றிதழ் கிடையாது. அவரிடம் போய் நான் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதா என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அப்போது எனக்கே அது தெரியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது.

பூஜைக்குப் பிறகு இரண்டு நாள் விடுமுறை. மூன்றாம் நாள் கேஜைத் துணியால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அன்று வந்த தண்டுகளில் பாதி நுழையவில்லை. திருப்பி அனுப்பினேன். மற்ற டர்னர்கள் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் ஒரு இழை சீவிக் கொண்டுவந்தார்கள், முத்திரை குத்தினேன். கோதண்டம் மட்டும் சீவவில்லை. மைக்ரோமீட்டரில் வைத்துக் காட்டினார். "அளவு சரியாத்தான் இருக்கு சார். இதுக்கு மேல எடுத்தா மெலிஞ்சிடும்" என்றார். "கேஜ் பொய் சொல்லாது, கோதண்டம்" என்றேன். மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும். அவர் தண்டுகள் கழித்துக்கட்டியதைப் போடுகிற வண்டியில் குவிந்தன. பத்தாம் நாள் நானே அவர்மேல் எழுதிக் கொடுத்தேன்: வேலை சுத்தமில்லை, சொல்பேச்சுக் கேட்பதில்லை. மெமோ வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் வேலையிலிருந்து நீக்கம். வீட்டில் அவர் மனைவி நிறைமாதம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நம் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே கண்ணாடி முன்னால் முகம் முழுக்க சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தேன், கேட்டுக்கு வெளியே கையில் அந்த மரப்பெட்டியோடு நிற்கிறார். கெஞ்ச வந்திருக்கிறார், கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று நிதானமாகச் சவரம் செய்தேன். நீ வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தாய். பெட்டியைப் பார்த்ததும் கேட்டுக்கு ஓடினாய்.

"மாமா, அன்னிக்கு ஏன் பெட்டிக்கு மட்டும் பொட்டு வச்சீங்க?"

குட்டு வாங்கியும் நீ அந்தக் கேள்வியை விடவில்லை. இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்து, பதில் தெரிந்த ஆள் வந்ததும் எடுத்து நீட்டினாய். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். நல்ல உரத்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அளவெடுக்கற சாமான்ல ஈரச் சந்தனம் படக் கூடாது பாப்பா. ரெண்டு நாள் அப்படியே இருந்தா துரு பூக்கும். கண்ணுக்குத் தெரியாது, தொடச்சாலும் போவாது. ஆனா அளவு கெட்டுப்போவும். சாமிக்கு பெட்டிமேல வச்சாலும் தெரியும், இல்லையா?"

"ஆமா, சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாய் நீ, பெரிய மனுஷி மாதிரி.

என் கையில் ரேஸர் அப்படியே நின்றுவிட்டது. பாதி முகத்தில் நுரை. பத்து நாளாக நான் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு தண்டும் கண் முன்னால் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் கோதண்டம் போய்விட்டிருந்தார். "மாமா என்ன சொன்னார்?" என்று உன்னைக் கேட்டேன், ஏதோ தெரியாத மாதிரி. "சும்மா வந்தாராம், போறாராம்" என்றாய்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கேஜை, கருவிகளைச் சரிபார்க்கிற டூல் ரூமுக்கு எடுத்துப்போனேன். அங்கே இருந்தவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டு இடைவெளிகளின் உள்முகத்திலும் தேமல் மாதிரி துரு. ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒன்றரைப் பங்கு இருக்கலாம். அவ்வளவுதான். அந்தத் துளியால் மற்றவர்கள் நல்ல தண்டுகளையெல்லாம் சீவிக் கெடுத்திருந்தார்கள். சரியாகச் செய்தவர் ஒருவர்தான், அவர்மேல் மெமோ.

மேலதிகாரியிடம் போனேன். கன்னடக்காரர், நல்ல மனுஷர், என்னிடம் பாதித் தமிழில் பேசுவார். அவருக்கு என்னைக் காப்பாற்றத்தான் தோன்றியது. "துரு தெகெஸ்கொண்ட்ரல்லா? ஆய்த்து, சும்னே இரி" என்றார். துருவை எடுக்கவைத்துவிட்டீர்கள் அல்லவா, அவ்வளவுதான், சும்மா இருங்கள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அர்த்தம். கோதண்டத்துக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து வேலையில் வைத்துக்கொள்ளலாம், விஷயம் முடிந்தது என்றார். நான் சரி என்றேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். தலைமை இன்ஸ்பெக்டர் பதவிக்கு என் பெயர் போயிருந்த சமயம் அது. வேலை போகாதல்லவா, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். கோதண்டத்தின் மெமோவைப் பற்றி முந்தின நாள் உன் அம்மாவிடம் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாய் போலிருக்கிறது.

"அந்த மாமாவுக்கு வேலை போயிடுமாப்பா?"

"போகாது."

"அவர் தப்பு பண்ணலைன்னு எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

நீ குற்றம் சாட்டவில்லை. உனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால்தான் என்னால் உன்னை அதட்ட முடியவில்லை. காபி ஆறிப்போயிற்று. மறுநாள், நடந்தது முழுவதையும் என் கையெழுத்தில் எழுதி, கேஜில் சந்தனம் அப்பியது நான், துருவைக் கவனிக்காதது நான், கோதண்டத்தின் தண்டுகள் ஆரம்பத்திலிருந்தே சரி என்று கொடுத்தேன். மேலதிகாரி தலையில் கையை வைத்துக்கொண்டார். கெட்டுப்போன தண்டுகளைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று, பிரிவு முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. தலைமை இன்ஸ்பெக்டர் பதவி எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. கோதண்டத்தின் வேலை நிரந்தரமானது.

வீட்டில் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஆபீஸ் அரசியல், ஆகாதவங்க சேந்து கவுத்துட்டாங்க" என்றேன். உன் அம்மா இன்றைக்கும் அந்த ஆகாதவர்களைச் சபித்துக்கொண்டிருக்கிறாள். நீ கூட அந்த வயதில் எனக்காகக் கோபப்பட்டு, "யாருப்பா அது, பேர் சொல்லுங்க" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். எவ்வளவோ கேள்விக்கு விடை தேடிக் கண்டுபிடித்த நீ, அந்த ஒன்றை மட்டும் அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாய். என்னை நம்பி விட்டாய். அந்தப் பெயர் என் பெயர்தானம்மா. ஆகாதவன் ஒருவனும் இல்லை.

அதன் பிறகு நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. கேஜை மாதா மாதம் டூல் ரூமுக்கு அனுப்பினேன். ஒரு தண்டு நுழையாவிட்டால் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, செய்தவரைக் கூப்பிட்டு, "உங்க கணக்குல எவ்வளவு வருது?" என்று கேட்கப் பழகினேன். எனக்குத் தெரிந்த தொழிலில் பாதியை அப்படிக் கேட்டு அவர்களிடமிருந்துதான் கற்றேன். நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் மாணவனானது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் உன்னைப் பார்க்கும்போது தெரியும், நான் பழகிக்கொண்டதை நீ பிறக்கும்போதே கொண்டுவந்துவிட்டாய். கல்லூரியில் பெண்களுக்குப் பௌதிகம் எதற்கு என்று சொன்ன பேராசிரியரிடம், "தெரிஞ்சுக்கத்தான் சார் கேக்கறேன், எந்தப் பாடத்துல கஷ்டப்படுவோம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு, கடைசியில் அவரையே சாயங்காலம் உட்காரவைத்துத் தனியாகப் பாடம் சொல்லவைத்தவள் நீ. உன் கேள்வியில் ஆளை மடக்குகிற புத்தி கிடையாது. எதிரில் இருப்பவனுக்கு ஏதோ தெரியும், அது எனக்கும் வேண்டும் என்கிற ஆசைதான் இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாகக் கூட இருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையிடம், "உங்க அம்மா மத்தியானத்துல என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாயே. உன் அத்தைக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலையே. நான் கேட்டதே இல்ல. கேட்டுச் சொல்றேன்" என்றார். நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது: அம்மா மத்தியானம் தனியாக உட்கார்ந்து இந்தி கற்றுக்கொள்கிறார்களாம், ஆறு மாதமாக, வீட்டில் யாருக்கும் தெரியாதாம். ஜாதகம் எப்படியோ போகட்டும், தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த பையன் என்று எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. அந்த வீட்டில் உன் கேள்வி ஏற்கெனவே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அங்கே போய் நீ வாயைத் திறக்காமல் இருந்தால், பாவம், அவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நேற்று காலை பத்திரிகை கொடுக்க நீலசந்திராவுக்குப் போனேன். கோதண்டம் இப்போது ஃபோர்மேன். அன்றைக்கு வயிற்றில் இருந்த பையனுக்குப் பத்து வயது முடிந்து, சுவரில் கரியால் ஏதோ யந்திரம் வரைந்துகொண்டிருந்தான். பதினோரு வருஷமாக ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம், பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறோம். ஆனால் அந்த விஷயத்தை இரண்டு பேரும் தொட்டதில்லை. நீ இப்படி மௌனமாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து, கேட்க வேண்டியதை நானாவது கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கோதண்டம், என் கேஜ்தான் தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார். நீங்க சந்தனம் பூசும்போதே பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "நீங்க கேக்கலையே சார். எத்தன தடவ மைக்ரோமீட்டர நீட்டினேன், ஒரு தடவையாவது ஏன் வித்தியாசம் வருதுன்னு கேட்டீங்களா? நானா சொன்னா இன்ஸ்பெக்டர் மேல பழி போடறான்னு அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க. அந்த ஞாயித்துக்கிழம எப்படியாவது சொல்லிடணும்னுதான் உங்க வீட்டுக்கு வந்தேன். கேட்டாண்ட நிக்கும்போது திரும்பிப் போயிடலாம்னுகூட நெனச்சேன். பாப்பா ஓடிவந்து கேட்டுச்சு. சன்னல்ல நீங்க சோப்போட நிக்கறது தெரிஞ்சுது. சத்தமா சொன்னேன்."

அப்புறம், "அந்த ஃபேக்டரியில சேந்தப்புறம் என்னை ஒரு விஷயம் கேட்ட முதல் ஆள் உங்க பொண்ணுதான் சார்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பையன் வரைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "ஏம்ப்பா அந்தத் தாத்தா அழுவறாரு?" என்று கோதண்டத்தைக் கேட்டான். கோதண்டம் அவனை அதட்டவில்லை, என்னைப் பார்த்தார். நானே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். நடுவில் ஏழெட்டுக் கேள்வி கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

அவர்கள் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வருகிறார்கள். உன் அம்மாவிடம் அந்தப் பதவி விஷயத்தை இன்று சாயங்காலம் நானே சொல்லப்போகிறேன், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு. முகூர்த்தம் முடிந்து உன்னை வண்டி ஏற்றும்போது அத்தை அழுதுகொண்டே மறுபடியும் அதையே சொல்வாள், வாயைத் திறக்காதே என்று. அவள் சொல்லட்டும். அப்போது நீ போன ஞாயிற்றுக்கிழமை மாதிரி என்னைத் திரும்பிப் பார். இந்தத் தடவை என் கையில் பேப்பர் இருக்காது.

உன் அப்பா